நூலகத்தில் பருவந்தோறும் கலை, இசை நிகழ்ச்சிகள்: வாசகரை இருக்கையிலிருந்து எழுப்பாமல் நடத்துவது எப்படி?

கேள்வி: சமூக நூலகர்

அனைவருக்கும் வணக்கம். ஒரு சிறிய சமூக நூலகத்தை ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே கூடம்தான். 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3.5 மீட்டர் உயரம். மூன்று சுவர்களில் புத்தக அலமாரிகள். நான்காவது சுவரில் வரிசையாகச் சன்னல்கள், அவற்றை ஒட்டிப் பெரிய வாசிப்பு மேசை. சிறுவர் பகுதிக்கென்று பக்கத்தில் ஒரு சிற்றறை. இவ்வளவுதான் எங்கள் நூலகம்.

பருவத்துக்கு ஒரு முறையாவது கலை நிகழ்ச்சியோ இசை நிகழ்ச்சியோ நடத்த வேண்டும் என்று நிர்வாகக் குழு இந்த ஆண்டு முடிவெடுத்தது. நானே வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்த காரியம் என்பதால் ஓடியாடி வேலை செய்தேன். மழைக்காலத் தொடக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடந்தது. ஐந்து பேர் கொண்ட இசைக்குழு வந்தது. மேசைகளை ஓரமாகத் தள்ளி, சன்னல் பக்கம் மேடை போட்டு, 70 நாற்காலிகளை வரிசையாக அடுக்கினோம். ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லை. வாசலில் நின்றுகொண்டும் கேட்டார்கள். குழுவினருக்கு மனம் நிறைந்துவிட்டது.

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. எங்கள் நூலகத்துக்கு நாள்தோறும் நான்கு மணிக்கு ஒரு பெரியவர் வருவார். எழுபது வயதைத் தாண்டியவர். பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிப்பார். கடற்பயணங்களின் வரலாறு பற்றிய ஒரு தடித்த நூலின் இரண்டாம் தொகுதியை நான்கு மாதங்களாக வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார். அன்றும் வழக்கம்போல் வந்தார். கூடம் இருந்த கோலத்தைச் சற்று நின்று பார்த்துவிட்டு, பின்வரிசையில் உட்கார்ந்து மடியில் புத்தகத்தை விரித்தார். பாட்டு தொடங்கியது. ஒலிபெருக்கிகளில் ஒன்றை அகராதி அலமாரியின் மேல் வைத்திருந்தார்கள். தாளம் விழும்போதெல்லாம் அலமாரியின் கண்ணாடிக் கதவு கிணுகிணுவென்று அதிர்ந்தது. பெரியவர் பூதக்கண்ணாடியைக் கைக்குட்டையில் பொதிந்து சட்டைப்பையில் வைத்தார். பக்கத்தில் ஒரு காகிதச் சீட்டைச் செருகினார். புத்தகத்தை என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனார்.

மூன்று வாரங்கள் ஆகின்றன. அவர் வரவில்லை. புத்தகம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சீட்டு 112-ஆம் பக்கத்தில் இருக்கிறது.

இரவல் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தேன். அன்று மாலை ஒரு நூல்கூட வெளியே போகவில்லை. எழுபது பேர் வந்த இடத்தில் ஒருவரும் மறுநாள் உறுப்பினராகச் சேரவில்லை. அந்தக் கூட்டம் வேறு எந்த மண்டபத்துக்கும் இதேபோல் வந்திருக்கும், கேட்டிருக்கும், போயிருக்கும். சுற்றிலும் புத்தகங்கள் இருந்ததால் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நிகழ்ச்சியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இசையும் ஓவியமும் நூலகத்துக்குள் வரவேண்டும் என்று நம்புகிறவள் நான். ஆனால் எந்தப் பருவத்தில் எதை வைப்பது, கூடத்தின் எந்த மூலையில் வைப்பது, படிக்க வருகிறவரின் இடத்தைப் பறிக்காமல் எப்படி நடத்துவது? இதே வேலையைச் செய்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு ஏழு வாரங்கள் இருக்கின்றன.

மறுமொழி 1: வயலின் ஆசிரியர்

நூலகர் அம்மா, முதலில் அந்த ஒலிபெருக்கியை அகற்றுங்கள். நீங்கள் சொல்லும் அளவுள்ள கூடத்துக்கு அது தேவையே இல்லை. முப்பது ஆண்டுகளாக வயலின் வாசிக்கிறேன். 12 மீட்டர் கூடத்தின் கடைசி வரிசைக்கு வில்லின் மென்மையான இழுப்பும் போய்ச் சேரும், கேட்பவர்கள் பேசாமல் இருந்தால். மைக் இல்லை என்று தெரிந்தவுடன் கூட்டம் தானாகவே அடங்கும். இதைப் பலமுறை கண்ணால் கண்டிருக்கிறேன்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசினால் ஒன்றும் புரியவில்லை. சொன்ன சொல் ஐந்தரை நொடி வரை சுவர்களில் மோதி மோதி ஒலித்துக்கொண்டிருந்தது. வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் தூக்கிவந்து கூடத்தில் அடுக்கினார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டாக வேண்டும். அப்படிப் பல இரவுகள் உழைத்துக் கண்டுபிடித்த சூத்திரம்தான் இன்றும் அரங்கங்களைக் கட்டுபவர்கள் கையில் இருக்கிறது: கூடத்தின் கன அளவை 0.16 என்ற எண்ணால் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் கிடைக்கும்.

உங்கள் கூடத்தின் கன அளவு 336 கன மீட்டர். வெறும் சிமென்ட் அறையாக இருந்தால் ஒலி அடங்க ஐந்து நொடிக்குமேல் ஆகும். உங்களுக்கு மூன்று சுவர்களில் புத்தகங்கள் இருக்கின்றன. புத்தக வரிசை ஒலியை உறிஞ்சும், மேடுபள்ளமாக இருப்பதால் சிதறடிக்கவும் செய்யும். உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மனிதரும் ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை உறிஞ்சுகிறார். என் தோராயக் கணக்கில் புத்தகங்களும் நாற்பது பேரும் இருந்தால் ஒன்றேகால் நொடியை ஒட்டி வந்துவிடும். தரையில் தடித்த விரிப்பைப் போட்டால் இன்னும் குறையும். பேச்சு புரிவதற்கு ஒரு நொடி அளவு நல்லது. இசைக்கு அதைவிடச் சற்று நீண்டாலும் இனிமைதான். உங்கள் புத்தகங்கள் உங்களுக்கு அறை இசைக்கு, அதாவது சில கலைஞர்கள் சிறு கூடத்தில் வாசிக்கும் இசைக்கு, ஏற்ற கூடத்தைச் செலவில்லாமல் கட்டிக் கொடுத்திருக்கின்றன. அதற்குள் எழுபது பேரையும் ஐந்து வாத்தியங்களையும் ஒலிபெருக்கியையும் கொண்டுவந்து திணித்துவிட்டீர்கள் என்று வருத்தத்தோடு சொல்கிறேன். நாற்பது பேர், இரண்டு கலைஞர்கள், அதற்குமேல் வேண்டாம்.

பருவத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வாத்தியங்களே அதற்குப் பதில் சொல்லும். ஈரப்பதம் ஏறும் மழைக்காலத்தில் வில்லின் மயிர் தொய்ந்துபோகும், சுருதி திருகும் முளைகள் உப்பி இறுகிக்கொள்ளும். தோல் வாத்தியங்களின் சுருதி இறங்கிக்கொண்டே போகும். பாவம், வாசிப்பவர் பாதி நேரம் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டே இருப்பார். ஆகவே மழைக்காலத்துக்கு வாய்ப்பாட்டு நல்லது. மழையின் ஓசையோடு மனிதக் குரல் சேர்வது தனி அழகு.

வெயில் காலத்தில் குழலுக்குச் சுருதி ஏறும். காற்று சூடேறினால் அதில் ஒலியின் வேகம் கூடும். 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு 343 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் அரைச்சுரத்தில் நூற்றில் மூன்று பங்கு வீதம் குழல் மேலே போகும். பத்து டிகிரி வேறுபாடு என்றால் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எந்தக் காதுக்கும் அது தெரியும். தந்திகளோ சூட்டில் நீண்டு சுருதி இறங்கும். இரண்டையும் வெயில் நாளில் ஒரே மேடையில் ஏற்றினால் ஒன்று மேலே போகும், ஒன்று கீழே போகும். வெயிலுக்குத் தனிக்குழல் வையுங்கள். தந்தி வாத்தியங்களுக்கு வறட்சியும் ஈரமும் மிகாத மிதமான காலமே ஏற்றது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 40 முதல் 60 வரை இருந்தால் மரமும் நலமாக இருக்கும், நரம்பும் நலமாக இருக்கும். உங்கள் புத்தகங்களுக்கும் அந்த அளவு ஒத்துப்போகும்.

கலைஞரின் முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி இருக்க வேண்டாம். குரலின் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். வெற்றுச் சுவரோ மரக்கதவோ இருக்கட்டும்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற நூலகர்

அம்மா, நானும் உங்களைப் போல் ஒற்றைக் கூட நூலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காக உங்களுக்கு என் வணக்கம். நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதற்கு எல்லோருக்கும் தெரியும். எத்தனை நூல்கள் வெளியே போயின என்று பார்க்கும் பழக்கம் நம்மிடம்தான் இருக்க வேண்டும்.

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிவைத்த நூலகவியலின் ஐந்து விதிகளை நாம் எல்லோரும் படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தோம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும். இந்த மூன்றையும் நிகழ்ச்சிக்கும் அப்படியே பொருத்திப் பார்க்கிறேன். உங்கள் நூலகத்தில் பத்து ஆண்டுகளாக ஒருவரும் தொடாத நூல் ஒன்று இசை அலமாரியில் இருக்கும். அதற்கு ஒரு வாசகரைத் தேடிக் கொடுக்கும் நிகழ்ச்சி நூலகத்தின் நிகழ்ச்சி.

நான் செய்த முறையைச் சொல்கிறேன். நிகழ்ச்சியைத் தீர்மானிக்கும் முன் அலமாரிக்குப் போவேன். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி வகைப்பாட்டில் 780 இசை. 787 தந்தி வாத்தியங்கள், 788 காற்று வாத்தியங்கள். 398.2 நாட்டார் கதைகள். 551.577 மழை. 598 பறவைகள். 736.98 காகித மடிப்பு. மழைக்கால நிகழ்ச்சி என்றால் 780-இலிருந்து நான்கு, 551-இலிருந்து மூன்று, கதைகளில் நான்கு, கவிதையில் நான்கு என்று பதினைந்து நூல்களை எடுத்து ஒரு மேசையில் பரப்புவேன். முதுகைக் காட்டி அடுக்காமல் அட்டை தெரியும்படி வைப்பேன். எந்த அலமாரியிலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்காத நூல்கள் அந்த மேசையில் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். அந்த மேசை நிகழ்ச்சிக்கு மூன்று வாரங்கள் முன்பே வந்துவிடும், நிகழ்ச்சிக்குப் பிறகு மூன்று வாரங்கள் இருக்கும். ஒரு மாலைப்பொழுதாக முடிய வேண்டியது ஆறு வாரமாக நீளும். பருவம் என்றால் ஆறு வாரமாவது வேண்டாமா?

பாட வருகிற கலைஞரைப் பத்து நாள் முன்பே நூலகத்துக்கு அழைத்து, அலமாரிகளைச் சுற்றிப் பார்க்கச் சொல்லி, அவருக்குப் பிடித்த மூன்று நூல்களை எடுக்கச் சொல்வேன். நிகழ்ச்சியின் நடுவே அந்த நூல்களைக் கையில் பிடித்து, ஏன் எடுத்தார் என்று அவரே இரண்டு நிமிடம் சொல்வார். ஒருமுறை ஒரு பாடகி தோட்டக்கலை நூலை எடுத்தார். அவருடைய பாட்டியார் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் பாடுவாராம். அவரிடமிருந்துதான் முதல் பாட்டைக் கற்றாராம். அந்த நூலுக்கு அன்றே ஐந்து பேர் முன்பதிவு செய்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்து முக்கால் மணி நேரம் இரவல் மேசை திறந்திருக்க வேண்டும். விளக்கை அணைக்கும் அவசரத்தில் நாம்தான் வந்தவர்களை வெளியே அனுப்பிவிடுகிறோம்.

குழுவில் யாராவது இது நூலகத்தின் வேலையா என்று கேட்டால், யுனெஸ்கோவும் உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட பொது நூலக அறிக்கையைக் காட்டுங்கள். 1994-ஆம் ஆண்டு வடிவத்திலேயே நிகழ்த்துகலைகளை மக்கள் அணுக வழிசெய்வது பொது நூலகத்தின் பணிகளில் ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். 2022-இல் அந்த அறிக்கையைப் புதுப்பித்தார்கள்.

அந்தப் பெரியவரைப் பற்றி ஒன்று கேட்கிறேன். சத்தத்தினால்தான் போனார் என்று எப்படித் தெரியும்? அவரிடமே கேட்டீர்களா?

சமூக நூலகர்

ஐயா, கேட்கவில்லை. உறுப்பினர் பதிவில் முகவரி இருக்கிறது. வீட்டுக்குப் போய் நிற்பது அவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று தயங்கிக்கொண்டே இருந்தேன். நீங்கள் கேட்ட பிறகு, போகாமல் இருப்பதுதான் தவறு என்று படுகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

வயலின் ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. நேற்று கூடத்தைப் பூட்டும் முன் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பார்த்தேன். ஒலி உடனே அடங்கியது. சிற்றறையில் தட்டினேன்; அங்கே புத்தகங்கள் குறைவு, கணீரென்று திரும்பி வந்தது. ஒன்பது ஆண்டுகள் இங்கே நடமாடியும் இதைக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

இசை நூல்கள் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அந்த அலமாரிக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டு மீட்டர் வெற்றுச் சுவர் உண்டு. கலைஞர் அங்கே உட்காரலாம் என்று நினைக்கிறேன். ஓவியத்தைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். கோடையில் சிறுவர்களின் ஓவியங்களைச் சன்னலுக்கு எதிர்ப்புறம் தொங்கவிட்டோம்; இரண்டு மாதங்களில் வெளுத்துவிட்டன. ஒரு சிறுமி தன் படத்தைத் திரும்ப வாங்கும்போது நீலம் எங்கே என்று கேட்டாள்.

மறுமொழி 3: சிறுவர் பகுதித் தன்னார்வலர்

அக்கா, அந்தச் சிறுமிக்கு நடந்தது எங்கள் நூலகத்திலும் நடந்திருக்கிறது. நீர்வண்ண ஓவியங்களுக்கும் துணிகளுக்கும் அருங்காட்சியகங்களில் 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் வைக்கிறார்கள். நேர் வெயில் அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். ஒளி செய்யும் சேதம் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். இரவில் இருட்டில் வைத்தால் போன வண்ணம் திரும்பி வராது. சிறுவர்கள் வரையும் பேனா மைகள் நீர்வண்ணத்தைவிட விரைவில் வெளுக்கும். ஆகவே கோடையில் அலமாரிகளின் பக்கவாட்டுப் பலகைகளில், வெயில் படாத உட்பக்கத்தில், மூன்று வாரத்துக்கு மட்டும் மாட்டுங்கள். சன்னல் சுவரைக் குளிர்காலக் கண்காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் நேர் வெயில் விழும் இடத்தைத் தவிர்த்து.

அந்த வெயிலையே வேலைக்கு அமர்த்தலாம். நீலப்படம் எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்தார். இரண்டு இரும்பு உப்புகளின் கரைசலைக் காகிதத்தில் பூசி இருட்டில் உலர்த்த வேண்டும். மேலே ஓர் இலையையோ இறகையோ வைத்து வெயிலில் காட்டி, பிறகு தண்ணீரில் அலசினால் காகிதம் ஆழ்ந்த நீலமாகும், இலை இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படிப் படமெடுத்து 1843-லிருந்து பகுதி பகுதியாக நூலாக்கினார். ஒளிப்படங்களைக் கொண்ட முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஒரு நூலகத்தில் செய்ய இதைவிடப் பொருத்தமான கோடைக் கலை எனக்குத் தெரியவில்லை. பூசுகிற வேலையைப் பெரியவர்கள் கையுறையோடு முன்பே முடித்து வைத்துவிடுங்கள். இலை வைப்பதும் அலசுவதும் பிள்ளைகளுக்கு. தண்ணீரில் காகிதம் நீலமாக மாறும் அந்த ஒரு நிமிடத்தில் எந்தக் குழந்தையும் பேசாது. அப்படியே வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும். வெளுத்த நீலத்துக்காக வருந்திய அந்தச் சிறுமியை முதலில் கூப்பிடுங்கள், அக்கா.

மழைக்கு எங்களுடைய வழி, கேட்கும் விளையாட்டு. ஒரு தகரடப்பா, ஒரு மரப்பலகை, ஒரு பெரிய இலை, விரித்த குடை, மண்தொட்டி. ஐந்தையும் கூரைவிளிம்புக்குக் கீழே வரிசையாக வைத்து, பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்வேன். எந்தத் துளி எதில் விழுகிறது என்று காதால் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அந்த ஓசையை உள்ளே வந்து விரலாலும் கையாலும் மேசையில் தட்டி உருவாக்க வேண்டும். ஒரு பையன் இலையில் விழும் துளிக்கு நகத்தால் புத்தக அட்டையைச் சுண்டினான். இசை நிகழ்ச்சிக்கு அரை மணி முன்பு இதை வைத்தால், பிள்ளைகள் பெரியவர்களைவிட ஊன்றிக் கேட்பார்கள்.

இன்னொரு வார்த்தை. பருவம் என்றவுடன் எல்லோரும் நான்காகப் பிரிக்கிறார்கள். நம் மொழியில் ஆறு பெரும்பொழுதுகளுக்குப் பெயர் இருக்கிறது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். மழையை ஒரே சொல்லில் அடக்காமல், கருக்கொண்டு வரும் காலத்தைக் கார் என்றும், அதன்பின் வரும் குளிர்ந்த காற்றின் காலத்தைக் கூதிர் என்றும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். நூலகம் இருக்கும் இடத்தின் வானம் எப்படியோ அப்படிக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்; ஆனால் இந்த ஆறு பெயர்களை ஆறு சிறு நிகழ்ச்சிகளுக்கு வைத்தால், பிள்ளைகள் அந்தச் சொற்களைப் பாடத்தில் படிப்பதற்கு முன்பே நாளில் உணர்ந்துவிடுவார்கள். பெரியதாக நான்கு நடத்துவதைவிடச் சிறியதாக ஆறு நடத்துவது உங்கள் கூடத்துக்கும் ஏற்றது.

மறுமொழி 4: பதிப்புத் துறை வாசகர்

சுருக்கமாக ஒன்று. பாட்டின் சொற்களுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை. மூன்றும் மூன்று பேரிடம் இருக்கலாம். 1886-ஆம் ஆண்டின் பெர்ன் பதிப்புரிமை உடன்படிக்கைப்படி படைப்பாளி இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். பல நாடுகளில் 60, 70 ஆண்டுகள். பழைய நாட்டார் பாடலை உங்கள் கலைஞர் பாடுவது வேறு, அதே பாடலின் அண்மைக்கால ஒலிப்பதிவைக் கூடத்தில் போடுவது வேறு. திரைப்படம் காட்டுவதாக இருந்தால் வீட்டில் பார்ப்பதற்கு வாங்கிய பிரதி போதாது, பொதுக்காட்சிக்குத் தனி அனுமதி வேண்டும். நிகழ்ச்சியைப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றும் எண்ணம் இருந்தால் கலைஞரிடம் முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். சிறுவர்களின் ஓவியங்களும் அவர்களுடைய படைப்புகள்தான். சுவரொட்டியில் அச்சிடும் முன் பெற்றோரையும் பிள்ளையையும் கேளுங்கள்.

சமூக நூலகர்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே வாருங்கள் அம்மா என்றார். நான் தண்ணீர் குடித்துவிட்டு, அன்று அவ்வளவு சத்தமாக இருந்ததற்கு வருந்துகிறேன் என்று தொடங்கினேன். அவர் கையை அமர்த்தினார். பாட்டு நன்றாக இருந்தது, அந்த இரண்டாவது பாட்டு இன்னும் காதில் இருக்கிறது என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவர் சொன்னது இது. அவருடைய பார்வைக்குச் சன்னலிலிருந்து மூன்றாவது நாற்காலி ஒன்றுதான் சரிப்படும். நான்கு மணி முதல் ஐந்தேகால் வரை அங்கே இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்து பக்கத்தில் சாய்வாக விழும். பூதக்கண்ணாடியில் மின்னாது, கையின் நிழலும் எழுத்தின்மேல் படாது. அன்று அந்த மேசை அங்கே இல்லை. பின்வரிசையில் விளக்கு தலைக்குமேல் இருந்தது. கண்ணாடியைப் பிடித்தால் விளக்கின் பிம்பம்தான் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. இனிமேல் கூடம் நிகழ்ச்சிகளுக்கு என்று மாற்றிவிட்டார்கள் என எண்ணிக்கொண்டாராம். அதைப் பற்றிப் பேசி என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று வராமல் இருந்துவிட்டார்.

ஒன்பது ஆண்டுகளாக அவர் ஏன் அதே நாற்காலியில் உட்காருகிறார் என்று நான் கேட்டதே இல்லை. பழக்கம் என்று நினைத்திருந்தேன். மேசையைத் தள்ளச் சொன்னவளும் நான்தான்.

திங்கட்கிழமை நான்கு மணிக்கு அவர் வந்தார். இழுப்பறையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் படிக்கத் தொடங்கிய பிறகு, பக்கத்து நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து ஒரு புத்தகத்தைத் திறந்துவைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. மூன்றாவது நாற்காலியில் தாள் தெளிவாக இருக்கிறது, நான்காவதில் சன்னல் சட்டத்தின் நிழல் குறுக்கே விழுகிறது.

குழுவிடம் நேற்று பேசினேன். சன்னல் மேசையையும் அதன் ஆறு நாற்காலிகளையும் எந்த நிகழ்ச்சிக்கும் அசைப்பதில்லை என்று எழுதி வைத்தாயிற்று. கலைஞர் வாசல் பக்க வெற்றுச் சுவருக்கு முன்னால் விரிப்பில் உட்காருவார். முப்பத்தைந்து இருக்கைகள் மட்டும் போடுவோம். இசை தொடங்குவது ஐந்தரைக்கு. அதற்குள் பெரியவருக்கு வேண்டிய வெளிச்சம் போய்விட்டிருக்கும், அவர் விரும்பினால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்கலாம், இல்லையென்றால் வழக்கம்போல் வீட்டுக்குப் புறப்படலாம். கூட்டம் குறையுமே என்று குழுவில் ஒருவர் வருத்தப்பட்டார். இரவல் பதிவேட்டை அவர்முன் விரித்துக் காட்டினேன். இரண்டு மாலைகளாகப் பிரித்து நடத்தலாம் என்று அவரே சொன்னார்.

அடுத்தது கூதிர் நிகழ்ச்சி. அந்தப் பெயரையே வைத்துவிட்டோம். ஒரு பாடகர் மட்டும், மைக் இல்லாமல். அவர் வியாழக்கிழமை வந்து அலமாரிகளைப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு நூல்களை உடனே எடுத்துவிட்டார். மூன்றாவதுக்காக ஒரு மணி நேரம் சுற்றினார். கடைசியில் கடற்பயண வரலாற்றின் முதல் தொகுதியை எடுத்தார். மாலுமிகள் பாய்மரம் இழுக்கும்போது பாடிய பாடல்களைப் பற்றி அதில் ஓர் அத்தியாயம் இருக்கிறதாம். பெரியவர் தன் மேசையிலிருந்து அதைக் கவனித்திருக்கிறார். போகும்போது என்னிடம் வந்து, அந்த அத்தியாயத்தில் ஒரு பக்கம் கிழிந்திருக்கும், ஒட்டி வையுங்கள் என்று சொன்னார்.

ஒட்டிவிட்டேன். வயலின் ஆசிரியர் ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது: அகராதி அலமாரியின் கண்ணாடிக் கதவு ஒரு பாடகரின் குரலுக்கே அதிருமா? ஒத்திகை அடுத்த புதன்கிழமை. அதற்குள் கதவின் ஓரங்களில் துணிப்பட்டை ஒட்டி வைக்கலாமா என்று சொல்லுங்கள்.

வயலின் ஆசிரியர்

ஒட்டுங்கள் அம்மா. தாழ்ந்த சுரங்களுக்குத்தான் அதிரும். ஒத்திகையில் பாடகரை அடிச்சுரத்திலிருந்து மெதுவாக மேலேறச் சொல்லிவிட்டு, நீங்கள் கதவில் விரல்நுனியை வைத்து நில்லுங்கள். எந்தச் சுரத்தில் விரலுக்குத் தெரிகிறதோ அது உங்கள் அலமாரியின் சுரம். கீல் பக்கத்திலும் பட்டை வையுங்கள், ஓசை பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.